108-இல் 12 மணி நேரம், தீயணைப்பில் 24 மணி நேரம்: தம்பிக்கு ஏன் இவ்வளவு அசதி?

கேட்டிருப்பவர் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். தம்பி 108 ஆம்புலன்ஸில் ஈஎம்டி, அதாவது வண்டியில் நோயாளியைக் கவனிக்கும் அவசர மருத்துவ உதவியாளர். நைட் முடிந்து வந்தால் பகல் முழுக்கப் படுக்கை. எழுந்தாலும் முகம் தெளிவதில்லை, சோற்றுத் தட்டின் முன்னாலேயே கண் சொக்குகிறது. மாமா மகன் தீயணைப்பு நிலையத்தில் 24 மணி நேர ட்யூட்டி பார்த்துவிட்டு வந்து அன்றைக்கே கொல்லையில் இறங்கி வேலை செய்கிறான், "எனக்கு ஒன்றும் இல்லையே" என்கிறான். வீட்டுப் பெரியவர்கள் "வண்டியில் உட்கார்ந்திருக்கிற வேலைதானே, கேஸ் இல்லாவிட்டால் தூக்கம்தானே" என்கிறார்கள். இது சோம்பலா, உடம்புக் கோளாறா, ஷிப்டை எட்டு மணி நேரமாக்கினால் சரியாகுமா, வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

நான் வேலூர் வட்டாரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் நர்ஸாக இருந்தவள். இப்போது ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஆட்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். ராத்திரி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களின் முகத்தை வாசலில் நின்று பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில், சோம்பல் இல்லை. அதை வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

"கேஸ் இல்லாவிட்டால் தூக்கம்தானே" என்பதில்தான் எல்லாருக்கும் கணக்குத் தப்புகிறது. போன் எந்த நிமிடமும் அடிக்கலாம் என்று தெரிந்துகொண்டு கண்ணை மூடுவதும், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதும் உடம்புக்கு ஒன்றல்ல. கப்பல் இன்ஜின் அறைப் பொறியாளர்களிடம் 1980-களில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அலாரம் அடித்தால் எழ வேண்டும் என்ற பொறுப்போடு படுத்த இரவுகளில், அலாரம் அடிப்பதற்கு முன்பிருந்தே அவர்களுடைய ஆழ்ந்த தூக்கம் குறைந்திருந்தது. ஆக, கேஸே வராத ராத்திரிகூட முழு ஓய்வு கிடையாது. போதாததற்கு உங்கள் தம்பி படுப்பது மரத்தடியில் நிறுத்திய வண்டிக்குள், ஸ்ட்ரெச்சரின் மேல் அல்லது முன்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு, கொசுவோடு. பங்குனி தொடங்கிவிட்டால் வேலூரில் நள்ளிரவிலும் வண்டித் தகரம் சூடு ஆறாது. "வெயிலூர்" என்று சும்மாவா கிண்டல் செய்கிறார்கள்?

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் இழுக்கின்றன. ஒன்று, கடைசியாக எழுந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறோம் என்பது. மூளையில் அடினோசின் என்ற பொருள் விழித்திருக்க விழித்திருக்கச் சேர்ந்துகொண்டே போகும், தூங்கினால்தான் வடியும். இன்னொன்று உடம்புக்குள் ஓடும் கடிகாரம். அது நீங்கள் எந்த ஷிப்ட் என்று கேட்காது. அதிகாலை மூன்றிலிருந்து ஆறு வரை உடம்புச் சூட்டைக் குறைத்து, கவனத்தையும் கீழே இறக்கிவிடும். மதியம் இரண்டு மணி வாக்கில் சின்னதாக இன்னொரு இறக்கம் வரும். நைட் பார்க்கிறவருக்கு விழித்திருந்த நேரமும் கடிகாரமும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்கின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு அவர் நெடுநேரம் விழித்திருந்தவர். அதே சமயம் கடிகாரமும் அடிமட்டத்தில். அந்த நேரத்தில் குளிர்கிறது என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள், மே மாதத்தில்கூட. வெளியில் குளிராது, உள்ளே சூடு இறங்கியிருக்கிறது.

எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரே ஆட்களை ஒரு நாள் தூங்கவிடாமலும், இன்னொரு நாள் மது கொடுத்தும் சோதித்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறியவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 100 மில்லிகிராம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு எல்லை 30 மில்லிகிராம்.

இதை உங்கள் தம்பி மேல் வைத்துப் பாருங்கள். நைட் வாரத்தின் முதல் நாள் வழக்கம்போல் காலை ஏழு மணிக்கு எழுந்திருப்பான். பகலில் ரேஷன் கடை, பேங்க், அம்மாவுக்கு மாத்திரை. ராத்திரி எட்டு மணிக்கு ட்யூட்டி ஏறும்போதே 13 மணி நேரம் ஆகிவிட்டது. நள்ளிரவுக்கு 17. காலை எட்டு மணிக்கு ரிலீவர் வரும்போது 25. அதற்கப்புறம் பைக்கை உதைத்து, பள்ளி வேன்களும் கரும்பு டிராக்டர்களும் போகிற ரோட்டில் வீட்டுக்கு வருகிறான். வழியில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது.

எட்டு மணிக்கு இறங்குவதும் ரிலீவர் வந்தால்தான். ஏழு ஐம்பதுக்கு ஓர் அழைப்பு வந்தால் அந்தக் கேஸை முடித்து, ஜிஎச்சில் ஒப்படைத்து, வண்டியைக் கழுவி, ஆக்சிஜன் பார்த்துக் கணக்கு எழுதி இறங்க பத்து மணி ஆகும். தை, மாசியில் நம் பக்கம் மாடு விடும் விழாக்கள் தொடங்கிவிட்டால் இன்னும் மோசம். வாடிவாசல் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், அங்கே அடிபடுகிறவர்களைத் தூக்க வேண்டும், மற்ற கேஸ்களும் நிற்காது. ஆள் பற்றாக்குறை என்றால் நைட் பார்த்தவனையே கெஞ்சிக் கூப்பிடுவார்கள்.

இப்போது மாமா மகன் விஷயம். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அவர் சொல்வதை அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிலரைத் தொடர்ந்து 14 நாள் ராத்திரிக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டும் தூங்கவிட்டார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம், இரண்டு ராத்திரி அடியோடு தூங்காதவரின் அளவுக்குக் கெட்டிருந்தது. விசேஷம் என்னவென்றால், "தூக்கம் வருகிறதா" என்று கேட்டால் முதல் சில நாளில் "ஆமாம்" என்றவர்கள் அப்புறம் "பெரிதாக இல்லை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கவனம் தினமும் இறங்கிக்கொண்டே போனது; அசதி உணர்வு மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அசதியில் முதலில் மழுங்குவது அசதியைக் கண்டுபிடிக்கிற புலன்தான். அதனால்தான் "எனக்கு ஒன்றும் இல்லை" என்கிற ஆளை நான் கூடுதலாகக் கவனிப்பேன்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வட்டத் தலைநகர் ஒன்றில் இருக்கிற தீயணைப்பு நிலையத்துக்கும், நெடுஞ்சாலை ஓரத்து 108 வண்டிக்கும் வருகிற அழைப்புகள் ஒரே அளவில் இருக்காது. பல ராத்திரிகளில் நிலையத்தில் நாலைந்து மணி நேரம் கட்டிலில் படுக்க முடியும். ஆக, 24 என்ற எண்ணை 12-க்குப் பக்கத்தில் வைத்து "அவன் இரண்டு மடங்கு உழைக்கிறான்" என்று ஒப்பிடுவதில் பொருளில்லை. ஊர் தள்ளி வேலைக்கு வருகிறவர்களுக்கு 24 மணி நேர முறை பிடித்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அலைச்சல் பாதியாகிறது, ஓய்வு நாள் முழுசாகக் கையில் கிடைக்கிறது. அந்த முழு நாளைத் தூங்கிக் கழிப்பவர்கள் குறைவு என்பது வேறு. கொல்லைக்கு மும்முனை கரன்ட் வருகிற நேரம் பார்த்துப் போய் மோட்டார் போடுவார்கள்.

தீயணைப்பில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, எழுந்த முதல் கால் மணி நேரம். ஆழ்ந்த தூக்கத்தில் மணி அடித்தால் உடம்பு எழுந்துவிடும். மூளை எழ இன்னும் பதினைந்து, முப்பது நிமிடம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் பிடிக்கும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்குள் அவர் சில ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிரம்பிய வண்டியை நிலைய வாசலிலிருந்து திருப்பி, ஆக்கிரமிப்பு நிறைந்த சந்துக்குள் ஓட்டியாக வேண்டும். தளும்புகிற தண்ணீர் வளைவில் வண்டியை இழுக்கும். அதனால் வகுப்பில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஓட்டுநர் போகிற இடத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பக்கத்தில் உட்காருகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்து வினாடி போகும், போகட்டும். நம் மாவட்டத்தில் மேல்மொணவூர் இருக்கிறது, கீழ்மொணவூரும் இருக்கிறது. மேலாலத்தூர் இருக்கிறது, கீழாலத்தூரும் இருக்கிறது. பாதித் தூக்கத்தில் காதில் விழுவது "மொணவூர்", "ஆலத்தூர்" மட்டும்தான்.

இரண்டாவது, இதயம். தீயணைப்பு வீரர்கள் நெருப்பில் வெந்துதான் சாவார்கள் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் பணியில் இருக்கும்போது நேரும் சாவுகளில் ஏறக்குறைய 45 சதவீதம் இதயத்தால் வருவது. 2007-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, நிலையத்தில் சாதாரண வேலை பார்க்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் நெருப்போடு போராடும் நேரத்தில் இதயச் சாவுக்கான வாய்ப்பு 10 முதல் 100 மடங்கு கூடுகிறது என்று கணக்கிட்டது. தூக்கத்திலிருந்து அடித்து எழுப்பி, நாடித் துடிப்பை நூற்றைம்பதுக்கு ஏற்றி, கனமான உடையில் வெப்பத்துக்குள் அனுப்பினால் என்ன ஆகும்?

வைக்கோல் லாரி எரிவதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறீர்களா? நம் பக்கம் அறுவடை முடிந்ததும் நடக்கிறதுதான். உயரமாகக் கட்டிய பாரம் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசும், பொறி விழும். ஓட்டுநர் தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டுவார். காற்று வாங்கி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்ததும் மேலே ஜுவாலை அடங்கிவிடும். கூடியிருக்கிற கூட்டம் "அணைஞ்சிருச்சு" என்று கிளம்பிவிடும். வேலை அப்போதுதான் ஆரம்பம். கட்டுக்குள் கங்கு கனன்றுகொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. ஒவ்வொரு கட்டையும் கொக்கியால் இழுத்துக் கீழே தள்ளி, பிரித்து, நனைத்து, மறுபடி புகைகிறதா என்று பார்க்க வேண்டும். நனைந்த வைக்கோல் கல் கனம் கனக்கும். தூசியும் புகையும் மூக்கில் ஏறும். மணிக்கணக்கில் இதுதான், 40 டிகிரி வெயிலில். முடிந்து நிலையத்துக்கு வந்து ஓஸ் பைப்பைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு உட்காரும்போது, கிணற்றில் மாடு விழுந்துவிட்டது என்று போன் வரும். வட ஆற்காட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கா பஞ்சம்? கயிற்றில் இறங்குகிறவருக்கு அப்போது கை நடுங்கினால் அது பயத்தால் இல்லை. உப்பும் தண்ணீரும் போனதும் ஒரு காரணம். நீரிழப்பு அசதி போலவே நடிக்கும். அதனால் வெயில் வேலைக்குப் போகிற வண்டியில் ஓஆர்எஸ் பாக்கெட்டும் ஒரு லிட்டர் பாட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டும். டீ மட்டும் குடித்துவிட்டு இறங்கக் கூடாது.

ராத்திரியில் எதன் மேல் போய் இறங்குகிறோம் என்று தெரியாமல் இறங்குகிற ஊர் இது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி 10 பேர் செத்தார்கள். தோல் கழிவுக் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் இல்லை, இறங்கலாம்" என்று நினைக்கிற ஆள் விழுந்துவிடுவார். இப்படிப்பட்ட இடத்தில் முடிவெடுக்க வேண்டியவரின் தலை தெளிவாக இருக்க வேண்டாமா? அசதியில் மனுஷன் மெதுவாகிறான் என்பதைவிட, ஒரே முடிவைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்கிறான் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆம்புலன்ஸுக்கு வருகிறேன். எல்லாரும் சைரன் போட்டுப் பறக்கிற நேரம்தான் ஆபத்து என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் பயப்பட வேண்டியது காலியாகத் திரும்பும் பயணம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து சென்னைக்கு ஒரு கேஸை ரெஃபர் செய்கிறார்கள் என்று வையுங்கள். ஏறக்குறைய 140 கிலோமீட்டர். போகும்போது பின்னால் நோயாளி முனகுவார், மானிட்டர் சத்தம் போடும், சொந்தக்காரர் அழுவார். பைலட்டுக்கும் (108-இல் ஓட்டுநரை அப்படித்தான் சொல்வார்கள்) ஈஎம்டிக்கும் தூக்கம் எட்டிப் பார்க்காது. ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது மணி மூன்றரை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் ரோடு நேர்க்கோடு, எஞ்சின் ஒரே சுருதியில் உறுமும். உடம்பிலிருந்து பரபரப்பு வடிந்ததும் தூக்கம் சேர்த்து வைத்து அமுக்கும். மைக்ரோஸ்லீப் என்று ஒன்று வரும்: கண் திறந்திருக்கும், மூளை மூன்று நான்கு வினாடி இருக்காது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு வினாடி என்றால் வண்டி 90 மீட்டர் போய்விடும், ஓட்ட ஆளில்லாமல். "வாலாஜா டோல்கேட்டை எப்போது தாண்டினோம்?" என்று பைலட் கேட்டால் அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டச் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி வந்துவிட்டதென்றால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டு வைப்பதும் முகம் கழுவுவதும் போதாது.

உங்கள் தம்பிக்கு இதில் வேலை இருக்கிறது. காலியாகத் திரும்பும்போது அவன் பின்னால் போய்ப் படுக்கக் கூடாது. முன்சீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். தனக்கே முடியவில்லை என்றால், வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்து, டோல்கேட்டோ பெட்ரோல் பங்கோ, கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். இருவரும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண் மூடுவது நல்ல வழி. காஃபின் வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். நாற்பது, ஐம்பது நிமிடம் என்று இழுத்தால் ஆழ்ந்த தூக்கத்தில் மாட்டிக்கொண்டு, எழும்போது முன்னைவிட மந்தமாக இருக்கும்.

சொல்வது சுலபம், தெரியும். "ஏன் வண்டி நின்றது" என்று ஜிபிஎஸ் பார்த்துக் கேள்வி வரும், மெமோ வரும் என்கிற பயம் எல்லாரிடமும் இருக்கிறது. நின்று தூங்கினால் மெமோ, ஓடிக்கொண்டே தூங்கினால் மெமோ இல்லை என்பது என்ன நியாயமோ! ஓய்வுக்கென்று ஒரு குறியீடு வேண்டும், அதைச் சொன்னால் கேள்வி கேட்கக் கூடாது. ஆம்புலன்ஸ் பணியாளர் அசதி பற்றி அமெரிக்காவில் 2018-இல் வந்த வழிகாட்டுதலிலும் ட்யூட்டி நடுவே குட்டித் தூக்கத்துக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்பது ஒரு பரிந்துரை. கூடவே ஷிப்ட் 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கட்டும், காஃபின் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அசதியைக் கேள்வித்தாள் வைத்து அளந்து பாருங்கள், அதைப் பற்றிப் பயிற்சி கொடுங்கள் என்றார்கள். இதில் எதுவும் கோடிக்கணக்கில் செலவு வைப்பது இல்லை.

எட்டு மணி நேரமாக்கினால் சரியாகுமா? இங்கே கொஞ்சம் கூட்டல் கழித்தல் போட வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு வண்டி எந்நேரமும் ஓட வேண்டும், ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம் என்றால், ஒரு சீட்டுக்கு மூன்றரை ஆள் வேண்டும். ஈஎம்டி, பைலட் என்று இரண்டு சீட். ஆக வண்டிக்கு ஏழு பேர், லீவு போடுகிறவர்களுக்கு மாற்று ஆள் தனி. அதே வண்டியை 12 மணி நேரம், வாரம் ஆறு நாள் என்று ஓட்டினால் ஒருவர் 72 மணி நேரம். சீட்டுக்கு இரண்டே கால் ஆளுக்குச் சற்றுமேல், வண்டிக்கு ஐந்து பேருக்குள் முடிந்துவிடும். வித்தியாசம் இந்த இரண்டு ஆள் சம்பளம்தான். ஆள் எடுக்காமல் எட்டு மணி நேரம் என்று அறிவித்தால் அது பேப்பரில் எட்டு, ரோட்டில் பன்னிரண்டு. தீயணைப்பிலும் இதே கதை. ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு என்றால் வாரச் சராசரி 84 மணி நேரம். அமெரிக்காவில் பரவலாக இருக்கும் ஒரு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு முறையில் 56. லண்டனில் இரண்டு பகல், இரண்டு இரவு, நான்கு நாள் ஓய்வு என்று சுற்றி வந்து 42.

நம் மாநிலத்தில் இது புதுப் பேச்சும் இல்லை. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய காலத்திலிருந்து எட்டு மணி நேரம் என்பது இங்கே பழகிய கோரிக்கை. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியதும் எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது. சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். மெஷின் முன்னால் நிற்கிறவருக்கு 12 மணி நேரம் கூடாது என்று கொதித்த ஊர், உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு அதையே சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது.

ஆனாலும் எட்டு என்ற எண்ணை மந்திரம்போல் நான் நம்பவில்லை. வாரத்துக்கு எத்தனை நைட், இரண்டு ட்யூட்டிக்கு நடுவே எத்தனை மணி நேர இடைவெளி, பகலிலிருந்து நைட்டுக்கு மாறும்போது நடுவில் ஒரு நாள் விடுகிறார்களா என்பவை அதே அளவுக்கு முக்கியம். நைட் முடிந்த மறுநாள் காலையிலேயே பகல் ட்யூட்டிக்கு வரச் சொன்னால் எட்டு மணி நேர ஷிப்டிலும் ஆள் செத்துப்போவான். தம்பியிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள்: ஏறிய நேரம், உண்மையில் இறங்கிய நேரம், ராத்திரி எத்தனை கேஸ், எவ்வளவு தூங்கினான். சங்கத்தில் பேசினாலும் மேலதிகாரியிடம் பேசினாலும் "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது சார்" என்பதைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

இனி வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது. நைட்டின் முதல் நாள் மதியத்துக்கு மேல் அவனை ஒன்றரை மணி நேரமாவது படுக்க விடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே மேலே சொன்ன 25 மணி நேரக் கணக்கு மாறிவிடும். பேங்க் வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம். காலையில் வந்ததும் அவன் படுக்கிற அறை இருட்டாக இருக்கட்டும், ஜன்னலுக்குப் பழைய ஜமுக்காளம் தொங்கவிட்டாலும் போதும். ஷீட் போட்ட அறை என்றால் பத்து மணிக்கு மேல் அடுப்பாகிவிடும், ஓட்டு வீட்டிலோ கீழ்த்தளத்திலோ இடம் மாற்றிக் கொடுங்கள். ஆடி மாதத்தில் ஒலிபெருக்கியை நிறுத்த முடியாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும். போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைவிட மணிக்கணக்கில் குறைவாகவே வரும், இடையிடையே முறியும். "எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தானே" என்று நீங்கள் நினைப்பதில் ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். நைட்டின் கடைசி டீ நான்கு மணிக்கு மேல் வேண்டாம். காஃபின் பாதி கரையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். சாராயம் குடித்தால் தூக்கம் வரும் என்று ஸ்டேஷனில் யாராவது சொல்லியிருப்பார்கள். வரும், இரண்டு மணி நேரத்தில் கலைந்தும் போகும்.

பைக் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தொடர்ந்து கேஸ் பார்த்த ராத்திரிக்கு அப்புறம் பஸ்ஸில் வரட்டும், அல்லது இருபது நிமிடம் அங்கேயே படுத்து எழுந்து, முழுசாகத் தெளிந்த பிறகு கிளம்பட்டும். பஸ் மாறி வர ஒரு மணி நேரம் கூட ஆகிறது என்பான். ஆகட்டும்.

மனசு சம்பந்தப்பட்ட அசதி வேறு. குழந்தை ஏரியில் மூழ்கிய கேஸுக்குப் போய்விட்டு வந்து, வண்டியைக் கழுவி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பை எடுக்கிறவர்கள் இவர்கள். நன்றாகத் தூங்கியும் வாரக்கணக்கில் முகம் இருண்டே இருந்தால், யாரிடமும் பேசாமல் இருந்தால், பழைய கேஸ் கனவில் வருகிறது என்றால், அதை ஷிப்ட் மாற்றிச் சரிசெய்ய முடியாது. டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை.

கடைசியாக, உடம்புக் கோளாறா என்று கேட்டீர்களே. தம்பி சத்தமாகக் குறட்டை விடுகிறானா, நடுவில் மூச்சு நின்று திடீரென்று இழுத்து விடுகிறானா என்று பக்கத்தில் படுக்கிறவரைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய 7,000 தீயணைப்பு வீரர்களைச் சோதித்ததில் 37 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தூக்கக் கோளாறுக்கான அறிகுறி இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அதுவரை அது தெரியவே தெரியாது. அதில் முக்கியமானது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். இது இருந்தால் எத்தனை மணி நேரம் படுத்தாலும் அசதி போகாது. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. குறட்டை இருந்தால் காது மூக்கு தொண்டை அல்லது நுரையீரல் டாக்டரிடம் காட்டி, தூக்கப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். வேலூரில் அதற்கு வசதி இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது "நைட் ட்யூட்டி, 12 மணி நேரம்" என்பதை முதல் வரியிலேயே சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள்.